தேயிலைப் பெட்டி ஈயம்

என் மூத்த மகளைத் தேயிலைப் பெட்டியில் வைத்துத்தான் புதைத்தோம். பிரஜாவுரிமைக்கு மனு எழுதித் தோட்டமே அலைந்துகொண்டிருந்த காலம். எந்த நாட்டுக்காரி என்று எவனும் கேட்பதற்குள் அவள் மண்ணுக்குள் போய்விட்டாள். பெட்டியின் உள்பக்கம் ஒட்டியிருந்த ஈயத்தாளை, "ஈயத்துக்குள்ள வச்சா புள்ளைய மண்ணு ஏத்துக்காது" என்று எங்கள் லயத்து வரிசைவீட்டுப் பெண்கள் கிழித்துப் போட்டார்கள். கைக்கு வந்த துண்டைச் சுருட்டி அரிசிச் சாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டேன். அவள் படுக்க இருந்த இடம் அல்லவா?

அந்த மழைக்காலத்தில் காட்டுப்பன்றி ஒன்று ஆற்றோரப் புதைகாட்டில் இறங்கியது. பக்கத்து லயத்துக் குழந்தையின் குழியை அது கிளறிப் போட்டிருந்ததைப் பார்த்துவிட்டு வந்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த மேடு என் பிள்ளையுடையது. "பன்னி வாயில குடுக்கவா பெத்தேன்? ஏதாச்சும் செய்யுங்க!" என்று புருஷனைப் பிடித்து உலுக்கினேன்.

தோட்டக் காவல்காரரிடம் லைசன்ஸ் துப்பாக்கி இருந்தது. அதில் போடுகிற பொடி ரவை அந்தப் பன்றிக்குக் கொசுக்கடி. பெரிய குண்டு வேண்டும். குண்டு வார்க்கும் பித்தளை அச்சு ஒன்றை அவர் எங்கேயோ தேடிக் கொண்டுவந்தார். பாக்குவெட்டி போலத் திறந்து மூடுவது. ஆனால் அது வேறு துப்பாக்கிக்கானது, அதில் வார்த்த குண்டு காவல்காரரின் துப்பாக்கிக் குழலுக்குள் கடகடவென்று உருளும். என் புருஷன் தேயிலை ஃபேக்டரியில் யந்திரம் பழுது பார்க்கிற பிட்டர். யந்திரங்களைக் காக்கும் ரோதைமுனிக்குச் சுருட்டுக் கொளுத்தி வைத்துவிட்டு, அச்சின் உள்குழியைச் சுரண்டித் தேய்த்துப் பெரிதாக்கினார். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதே வேலையாகப் போயிற்று.

ஈயத்துக்கு எங்கே போவது? நான் சாக்கைத் தூக்கினேன்.

"அது பாப்பாவோடது புள்ள," என்றார். கையை நீட்டவில்லை.

"அவளுக்குத்தானேங்க. உருக்குங்க."

ஒரு குண்டுக்குத்தான் காணும் ஈயம். உருக்கி ஊற்றி அச்சைத் திறந்தார். குண்டின் ஒரு பக்கம் சின்னதாகக் குழி விழுந்திருந்தது. "அச்சு சூடு பத்தல," என்று மறுபடி உருக்கினார். மறுபடியும் குழி. அச்சுக்குள் விரலை விட்டுத் தடவினார். ஒரு பிசிறு இல்லை, வழவழவென்றுதான் இருந்தது. இன்னொரு தரம் ஊற்றினார். அதே இடம், அதே குழி.

என் மகளுக்கு இடது கன்னத்தில் குழி விழும். சிரித்தால்தான் என்றில்லை, தூங்கும்போதும் விழும். அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். அந்தக் குண்டையே காவல்காரரிடம் கொடுத்துவிட்டார்.

மறுநாள் பொழுது சாயும்போது ஒரே ஒரு வெடிச் சத்தம். பன்றி என் மகளின் மேட்டுக்கு ஒரு முழம் தள்ளிச் செத்துக் கிடந்ததாம். கறி அறுக்கும்போது குண்டு அகப்பட்டால் வார்த்தவன் கையில் திருப்பிக் கொடுப்பது எங்கள் தோட்டத்து வழக்கம். காவல்காரர் வெறுங்கையோடு வந்து வாசலில் நின்றார்.

"உள்ள போன ஓட்டை இருக்கு தம்பி. வெளிய வந்த ஓட்டை இல்ல. குண்டையும் காணோம். என்ன எழவோ தெரியல."

எங்கள் பங்குக் கறியை அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன்.

விடிந்ததும், வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் போகும் முன்னால், மேட்டில் பால் ஊற்றப் போனேன். பனி விலகவில்லை. மேட்டின் உச்சியில் அந்தக் குண்டு கிடந்தது. பன்றிக்குள் போன குண்டு நசுங்கியிருக்க வேண்டுமே? அச்சிலிருந்து அப்போதுதான் விழுந்த மாதிரி, குழியோடு முழுசாக இருந்தது. பயந்துகொண்டேதான் எடுத்தேன். விடிய விடியப் பனியில் கிடந்த ஈயம், பால் குடித்துவிட்டுத் தூங்குகிற பிள்ளையின் கன்னம் போல, இளஞ்சூடாக இருந்தது.

பயம் எங்கே போனதோ, எனக்குக் கோபம்தான் வந்தது.

"ஏன்டி வெளிய வந்த? குளிருதுல்ல?" என்று திட்டிக்கொண்டே, மண்ணைத் தோண்டி அவளை உள்ளே வைத்து மூடினேன்.