நாளை அமாவாசை, பட்டறை விடுமுறை

போன வாரம் ஒரு வரலாற்று முடிவை எடுத்தேன். பெரியநாயக்கன்பாளையத்தில் கிரைண்டர் பட்டறை வைத்திருக்கும் அக்காவுக்காக நான் பராமரிக்கும் இணையதளத்தில், கண்ணுக்குத் தெரியும் பக்கமும் கணக்குப் போடும் நிரலும் இனி தனித்தனி ஃபைல்களில் வாழும்.

அக்கா பார்த்தார். "ஏனுங்க தம்பி, எதுவுமே மாறலீங்களே?"

"அதுதானுங்க அக்கா சாதனை. இனி நிரலைத் தொடாம அறிவிப்பெல்லாம் நீங்களே மாத்திக்கலாமுங்க."

பழைய பக்கத்தின் நடுவே, அமாவாசைக்கு முதல் நாள் விடுமுறை அறிவிப்பைப் போட்டு, பிறகு தானே எடுத்துவிடும் நான்கு வரிகள் இருந்தன. கொள்கைப்படி அவற்றை நிரல் ஃபைலுக்கு மாற்ற வேண்டும். நான் நீக்கியதோடு நிறுத்திக்கொண்டேன்.

இன்று காலை அக்கா அழைத்தார். "கண்ணு, நீங்க சொன்னபடி திங்கக்கிழமை நானே அறிவிப்பை எழுதிப்போட்டேனுங்க. நெம்ப ஈசிங்க. ஆனா அதுலிருந்து ஒருத்தரும் கிரைண்டர் எடுக்க வரலீங்க. போன் பண்ணுனா, 'நாளைக்கு லீவுன்னு போட்டிருக்குதே, நாளன்னிக்கு வாரோம்'ங்கறாங்க. தினமும் இதையேதான் சொல்றாங்க."

பக்கத்தைத் திறந்தேன். நிரலின் கலப்பு எள்ளளவும் இல்லை. மேலே பெரிய எழுத்தில், "நாளை அமாவாசை, பட்டறை விடுமுறை."

இன்று வெள்ளிக்கிழமை. அமாவாசை செவ்வாய்க்கிழமையே முடிந்துவிட்டது.