நாலாவது வரிசைக் கம்பியில் ஒட்டிய பெயர்

என் பெரியம்மா, அம்மாவின் அக்கா, ஒரு சலவை நிலையத்தில் வேலை செய்கிறார். வெளுத்துத் தேய்த்த துணிகள் கடைசியாக அவர் மேசைக்கு வரும். ஒவ்வொன்றின் காலரிலும் வாடிக்கையாளர் பெயரும் எண்ணும் எழுதிய சின்ன லேபிள் ஒட்டியிருக்கும். அதை நகத்தால் நெம்பி, கிழியாமல் உரித்து, மேசை விளிம்பில் வரிசையாக ஒட்டிவிட்டுத் துணியைப் பெயர் எழுதிய உறையில் போட வேண்டும். சாயங்காலம் விளிம்பில் இருக்கும் லேபிள்களும் நோட்டில் இருக்கும் எண்களும் ஒத்துப்போக வேண்டும். இருபத்திரண்டு வருடமாக ஒத்துப்போகின்றன.

அந்தக் கை வீட்டிலும் சும்மா இருக்காது. புதுத் தட்டு, ஷாம்பு பாட்டில், ஆப்பிள் எதிலும் லேபிள் தங்காது. பேசிக்கொண்டே உரித்து, எட்டிய இடத்தில் ஒட்டிவிடுவார்.

"அண்ணி வர்றாங்க, மருந்து பாட்டிலை எல்லாம் உள்ள வைங்க. அப்புறம் எது இருமலுக்கு, எது முட்டிவலிக்குன்னு குடிச்சுப் பார்த்துத்தான் தெரிஞ்சுக்கணும்" என்பார் அப்பா. பெரியம்மாதான் முதலில் சிரிப்பார்.

அம்மாவின் மார்பில் கட்டி என்று தெரிந்த நாளிலிருந்து அந்தப் பேச்செல்லாம் நின்றது. எங்கள் ஊர் மருத்துவமனையில் கட்டியிலிருந்து ஒரு துணுக்கை எடுத்து, மருந்து நிரம்பிய சின்ன பாட்டிலில் போட்டுக் கொடுத்தார்கள். நகரத்துப் பரிசோதனைக் கூடத்தில் நாலு மணிக்குள் சேர்க்க வேண்டும். எடுத்த இடத்தில் ரத்தம் நிற்காமல் எல்லோரையும் கலங்கடித்திருந்தது. இன்னொரு முறை எடுப்பதை யாரும் நினைக்கவே விரும்பவில்லை. அப்பா அம்மாவை விட்டு நகர முடியாது. எனக்கு அன்று தேர்வு.

"குடு, நான் போறேன்" என்று பெரியம்மா பஸ் ஏறினார்.

இரண்டு மணி நேரப் பயணம். மூடி கசிகிறதா என்று பார்க்கப் பாட்டிலை வெளியே எடுத்தார். பிறகு பையில் வைக்க மனம் வரவில்லை. தங்கையின் கையைப் பிடித்திருப்பது போல அதைப் பிடித்துக்கொண்டே வந்தார்.

பரிசோதனைக் கூடத்துக் கவுன்ட்டரில் இருந்த பெண் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"லேபிள் எங்கம்மா?"

பாட்டிலில் ஒரு மூலைக் காகிதம் மட்டும் மிச்சமிருந்தது. பெரியம்மா தன் கட்டைவிரலைப் பார்த்தார். நக இடுக்கில் பசை.

"பேரு, வயசு எல்லாம் இந்தப் படிவத்துல இருக்கேம்மா."

"படிவம் சரி. உள்ள இருக்கிறது இவங்களோடதுதான்னு நான் எப்படிச் சொல்வேன்? ஆள் மாறிப்போனா என்ன ஆகும்னு நினைச்சுப் பாருங்க."

பெரியம்மாவுக்கு அதில் கோபமே வரவில்லை. பெயர் இல்லாத சட்டையை அவரும் யாரிடமும் கொடுத்ததில்லை. அருகிலிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். பக்கத்தில், கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்ட ஒருவர் தன் டோக்கனை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார்.

"என்னாச்சும்மா?"

பெரியம்மா நடந்ததைச் சொன்னார். "கேட்டா சிரிப்பீங்க. என் கை அப்படி."

அவர் சிரிக்கவில்லை. "உரிச்சதை எங்க ஒட்டியிருப்பீங்க?"

அதை வேறு யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். பெரியம்மா கண்ணை மூடி யோசித்தார். "முன் சீட்டுக் கம்பியில. நாலாவது வரிசை, சன்னல் பக்கம்."

"டிக்கெட் இருக்கா? அதுல பஸ் நம்பர் இருக்கும். எந்திரிங்க, என் வண்டி வெளியிலதான் நிக்குது."

"நீங்க யாருக்காக வந்திருக்கீங்க?"

"வீட்ல" என்றார் அவர். மனைவியை அப்படித்தான் சொன்னார்.

பணிமனையில் அந்தப் பஸ் சோப்பு நுரையோடு நின்றது. உள்ளே ஒரு பெண் சீட்டுகளைச் சுரண்டித் துடைத்துக்கொண்டிருந்தாள். ஏழாவது வரிசை வரை முடித்திருந்தாள். பெரியம்மா படியில் ஏறினார்.

"இங்க ஒரு லேபிள்..."

"நாலாவது கம்பியா? அங்கயேதான் இருக்கு, போய்ப் பாருங்க. மத்ததை எல்லாம் சுரண்டிட்டேன். அதுல ஒரு பொம்பளை பேரு, வயசு, ஆஸ்பத்திரின்னு போட்டிருந்துச்சு. எனக்குக் கை வரலை. யாராவது தேடி வருவாங்கன்னு விட்டுட்டேன். ஆமா, இதை யாரு கொண்டாந்து இங்க ஒட்டினது?"

"நான்தான்மா."

"நல்ல ஆளுக்கா நீங்க!" என்று ஈரக் கையைப் புடவையில் துடைத்துவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, பிளேடால் அதைப் பூப்போல எடுத்து ஒரு பிளாஸ்டிக் உறையில் வைத்துக் கொடுத்தாள்.

நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கவுன்ட்டர் பெண் லேபிளைப் பாட்டிலோடு சேர்த்துப் பார்த்தாள். கிழிந்த மூலை பொருந்தியது. எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்கள் அந்த மூலையில் இருந்தன. இருபத்திரண்டு வருடத்தில் பெரியம்மா கிழித்து உரித்தது அது ஒன்றைத்தான். அந்தப் பெண் மேலதிகாரியைக் கூப்பிட்டுக் காட்டினாள், எங்கள் மருத்துவமனைக்குப் போன் செய்தாள், நடந்ததை எழுதிப் பெரியம்மாவிடம் கையெழுத்து வாங்கினாள். பாட்டில் உள்ளே போனது.

அதற்குப் பிறகுதான் கண்ணாடிக்காரர் தன் டோக்கனை நீட்டினார்.

"சார், உங்க நம்பரை மூணு தடவை கூப்பிட்டேனே. ரிப்போர்ட் கொடுக்கிற டாக்டர் கிளம்பிட்டாரு. நாளைக்கு வாங்க."

பெரியம்மா பதறிப்போனார். "ஐயோ, என்னாலதானே..."

"விடுங்கம்மா. நாளைக்கும் அதே பேப்பர்தானே இருக்கப் போகுது" என்று சொல்லிவிட்டு அவர் படியிறங்கினார்.

பத்து நாள் கழித்து முடிவு வாங்கவும் பெரியம்மாவே போனார். காலையில் போனவர் இருட்டுகிற நேரத்தில் வந்தார். கவரை அப்பா பிரித்தார். புற்றுதான், அடுத்த வாரமே அறுவை சிகிச்சை என்று மறுநாள் டாக்டர் சொன்னார். இன்னும் தாமதித்திருந்தால் சிரமம் என்றும் சொன்னார்.

டாக்டரைப் பார்த்துத் திரும்பிய அன்று மாலை அம்மாதான் கத்தினாள். "பதினொரு மணிக்கே கவரைக் கொடுத்துட்டாங்களாமே. நாங்க இங்க உசுரைக் கையில புடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கோம். சாயந்தரம் வரைக்கும் அங்க என்னக்கா பண்ணின?"

"அந்தக் கண்ணாடிக்காரரு வருவாரான்னு பார்த்தேன்."

"கவுன்ட்டர்ல கேட்டிருக்கலாமே?"

"என்னன்னு கேட்பேன்?" பெரியம்மா தன் கட்டைவிரல் நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரு நாளைக்கு இருநூறு பேரைப் படிக்கிறவ நான். அவரு பேரைக் கேட்கணும்னு எனக்குத் தோணலையேடி."