ஐயரம்மா கொடுக்கக் கூடாத நற்கருணை

கர்த்தருக்குள் பிரியமானவர்களே, நான் பயந்தாங்கொள்ளி. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். கப்பலூர் தாண்டி ஒரு சின்னச் சபைக்குக் குருவானவராகப் போன இரண்டாம் ஞாயிறு, ஆலயத்தின் பின்னறையில் மாட்டியிருந்த என் வெள்ளை அங்கியை யாரோ பிளேடால் கிழித்திருந்தார்கள். அன்றே பெட்டியைக் கட்டிவிடலாமா என்று நினைத்தேன்.

எங்கள் லுத்தரன் சபையில் பெண்ணுக்குக் குருப்பட்டம் கொடுப்பார்கள். பீடத்தைக் கொடுக்கத்தான் மனசு வராது. பட்டம் வாங்கி ஆறு வருஷம் தலைமை அலுவலகத்தில் ஃபைல் அடுக்கினேன். ஞாயிறு பள்ளி நடத்த, பீடத்துக்குப் பூ வைக்க நாங்கள் வேண்டும். நற்கருணை அப்பத்தைப் பிட்டுக் கொடுக்க எங்கள் கை ஆகாது. "அந்த மூணு நாளு வந்தா அந்தப் புள்ள என்ன பண்ணும்?" என்று கமிட்டியிலேயே கேட்டார்கள். திருச்சபைத் தேர்தலில் ஜெயித்த அணி, பெண்களின் ஓட்டுக்காகக் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற என்னை இங்கே அனுப்பியது. இந்தச் சபையின் செயலாளர் செல்லையா அண்ணன் தோற்ற அணியின் ஆள்.

"மூணு மாசம் பாப்போம். நற்கருணைக்கு ஒருத்தரும் வரலைன்னா நீங்களாப் போயிருங்க," என்றார். நான் போனால், குருத்துவக் கல்லூரியில் படிக்கும் இரண்டு பெண்களுக்கும் கதவு அடைபடும்.

முதல் மாத நற்கருணையில் நான் கிண்ணத்தை எடுத்ததும் ஆலயமே எழுந்து வெளியேறியது. இரண்டாம் மாதமும் அப்படித்தான். போனை எடுத்தால் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும். ஒரு நாள் ஸ்கூட்டியின் பிரேக் ஒயர் அறுந்து கிடந்தது. தானாக அறுந்ததா, அறுத்தார்களா? "ஆண்டவரே, ஒரே ஒரு ஆளைப் பீடத்துக்கு முன் முழங்காலில் கொண்டுவாரும்" என்று அழுது ஜெபித்தேன்.

இதற்குள் செல்லையா அண்ணன் தலைமைக்கு மனு அனுப்பியிருந்தார். எங்கள் பக்கம் குருவானவரை ஐயர் என்போம். அவர் மனைவி ஐயரம்மா. எனக்குக் கல்யாணமே ஆகவில்லை. ஆனாலும் என்னை ஐயர் என்று எழுத அவருக்குக் கை வரவில்லை. 'ஐயரம்மா நற்கருணை கொடுக்கக் கூடாது' என்று எழுதிவிட்டார்.

மூன்றாம் மாதம், ஆராதனையின் நடுவே பதில் கடிதத்தைப் பிரித்து உரக்க வாசித்தார். "ஐயரம்மா நற்கருணை கொடுக்கக் கூடாது என்பது சரியே." அடுத்த வரியில் குரல் இறங்கிவிட்டது. "சபைக்கு நியமிக்கப்பட்ட ஐயர் மட்டுமே கொடுக்க வேண்டும். தடுக்கும் கமிட்டி கலைக்கப்படும்."

ஐயரம்மா என்றது என்னைத்தான் என்று தெரியாமல் எழுதினார்களா, தெரிந்தே எழுதினார்களா? எனக்கு இன்றும் தெரியாது.

மில்லில் வேலை பார்க்கும் பாக்கியம் அக்கா எழுந்தார். "ஏண்ணே, அப்ப இங்கன ஐயரு யாரு? புருசனே இல்லாத புள்ளய ஐயரம்மான்னு எழுதுனா அம்புட்டுத்தான் வரும். தள்ளுங்க, நான் போறேன்." வந்து முழங்கால் போட்டார். பின்னால் இன்னும் நான்கு பெண்கள் வந்தார்கள். என் கை நடுங்கியது. அக்கா என் மணிக்கட்டைப் பிடித்து அப்பத்தை வாங்கிக்கொண்டார். ஒரு ஆளைக் கேட்டேன், ஆண்டவர் ஐந்து பேரைக் கொடுத்தார். ஸ்தோத்திரம்!

ஆபத்து தீர்ந்துவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். போன வாரம் ஆலயச் சுவரில் கரியால் என் பெயரை எழுதி, மேலே சிலுவையும் போட்டிருந்தார்கள், கல்லறையில் போடுவதுபோல. அழிக்க வேண்டாம் என்றேன். அதைத் தாண்டித்தான் இந்த ஞாயிறு பதினாறு பேர் உள்ளே வந்தார்கள். நீங்களும் பயம் போகட்டும் என்று காத்திருக்காதீர்கள். நடுங்குகிற கையை அப்படியே நீட்டுங்கள், அவர் பிடித்துக்கொள்வார்.