சித்தப்பாவுக்கு மாட்டிய கோட்டு

சித்தப்பா உயிரோடு இருந்தவரை கோட்டுப் போட்டதில்லை. அவருடைய நினைவு மலரின் அட்டையில் போட்டிருக்கிறார். கறுப்புக் கோட்டு, சிவப்புக் கழுத்துப்பட்டி, பின்னால் மேகங்கள். அடையாள அட்டைக்கு எடுத்த படத்திலிருந்து தலையை மட்டும் வெட்டி எடுத்து, ஸ்ரூடியோக்காரர் தன் கணினியில் இருந்த யாரோ ஒருவரின் உடம்பில் பொருத்திவிட்டார். உடம்பு நேராக நிற்கிறது, தலை மட்டும் இடப் பக்கம் சற்றுச் சரிந்திருக்கிறது. திருகோணமலைத் துறைமுகத்தில் இழுவைப் படகொன்றின் எஞ்சின் அறையில் காலம் தள்ளியவர் அவர். வேலைக்கு எண்ணெய் ஊறிய நீலக் காற்சட்டை, வீட்டில் சாரம், கல்யாண வீட்டுக்கு வேட்டி. இவ்வளவுதான் அவருடைய உடுப்பு. இந்தப் படத்தை அவரிடம் காட்டியிருந்தால், "ஆரடா இந்த வக்கீல்?" என்று கேட்டிருப்பார்.

எங்கள் பக்கத்தில் முப்பத்தோராம் நாள் சாப்பாட்டுக்கு வருகிறவர்களின் கையில் ஒரு நினைவு மலரைக் கொடுத்து அனுப்புவது வழக்கம். முன்னால் தேவாரம், பின்னால் நன்றி நவிலல், நடுவில் இறந்தவரின் வாழ்க்கை வரலாறு. சித்தப்பாவின் வரலாற்றை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. கனடாவிலிருந்து செத்தவீட்டுக்கு வந்திருந்த அவருடைய மகள், எனக்குத் தங்கச்சி முறை, "நீங்கள்தானே அண்ணா இன்ரநெட்டிலை எழுதுறனீங்கள், நீங்களே எழுதித் தாங்கோ" என்று கேட்டாள். அலுவலகத்தில் லீவு போட்டு, வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு எழுதினேன்.

என்ன எழுதினேன்? தெரிந்ததை எழுதினேன். எஞ்சின் இரைச்சலில் அவருக்குக் காது மந்தமாகிவிட்டது, அதனால் எல்லோருடனும் கத்தித்தான் கதைப்பார். அவர் தொலைபேசியில் கதைத்தால் அன்புவழிபுரத்தில் எங்கள் ஒழுங்கையில் எல்லா வீடுகளுக்கும் விசயம் தெரிந்துவிடும். ஜனவரி முதலாம் திகதி பிறக்கும்போது துறைமுகத்தில் நிற்கும் கப்பல்கள் எல்லாம் சங்கு ஊதும். "வெள்ளைக்காரன்ரை வருசத்துக்கு ஊதுறியள், எங்கடை வருசத்துக்கு ஏன்ரா ஊதாமல் கிடக்கிறியள்?" என்று மேலதிகாரியிடமே சண்டைக்குப் போனவர். ஒரு சித்திரை வருசத்துக்குத் தன் படகின் சங்கை யாரிடமும் கேட்காமல் ஊதிவிட்டு விசாரணைக்குப் போய் நின்றார். விசாரித்தவருக்குப் பலகாரமும் கொண்டுபோனார்.

வருசப்பிறப்பைப் பற்றித்தான் நிறைய எழுதினேன். எங்களுக்கு இரண்டு பஞ்சாங்கம். வாக்கியத்தில் வருசம் சற்று முந்திப் பிறக்கும், திருக்கணிதத்தில் கொஞ்சம் பிந்தும். ஒரு வீடு என்றால் ஏதாவது ஒன்றைத்தான் பார்க்கும். சித்தப்பாவின் வீட்டில் அவர் வாக்கியம், அவருடைய மனைவி சின்னம்மா திருக்கணிதம். அவர் தன் நேரத்துக்குத் தன் கோயிலில் மூலிகை போட்டுக் காய்ச்சிய மருத்துநீரைத் தலையில் வைத்து முழுகிவிட்டு, புதுச் சாரத்துடன் இனசனத்தின் வீடுகளுக்குப் புறப்பட்டுவிடுவார். சின்னம்மா இன்னொரு கோயிலின் மருத்துநீரை வைத்துக்கொண்டு தன் நேரம் வரும்வரை அசையமாட்டார். ஒழுங்கைக் கரையில் நின்று சித்தப்பா வேலிக்கு மேலால் கத்துவார்: "என்னப்பா, உன்ரை வருசம் இன்னும் பிறக்கேல்லையோ?" ஒழுங்கை முழுவதும் சிரிக்கும். சின்னம்மாவின் இந்தப் பிடிவாதத்தையும் சித்தப்பாவின் சத்தத்தையும் நான் ரசித்து ரசித்து எழுதியிருந்தேன்.

தங்கச்சி வாசித்துவிட்டு அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அண்ணா, இதை எப்பிடி அச்சடிக்கிறது? அப்பா சண்டைக்காரர் எண்டு புத்தகத்திலை போடுறதோ? சனம் என்ன நினைக்கும்?" என்றாள். எதை எடுக்கவேண்டும் என்று கேட்டேன். எல்லாவற்றையும்தான் என்று தெரிந்தது. நாளும் நெருங்கிவிட்டது. அச்சகத்தில் இதற்கென்று வரலாறுகள் இருக்கின்றன, பெயரையும் ஊரையும் பிள்ளைகளின் விபரத்தையும் கொடுத்தால் அவர்களே பார்த்துக்கொள்வார்கள் என்று யாரோ சொல்ல, வேலை அவர்களிடம் போனது.

அவர்கள் பார்த்துக்கொண்ட விதத்தை முப்பத்தோராம் நாள் பந்தியில் இருந்து வாசித்தேன். சித்தப்பா சாந்தமே உருவானவர். அதிர்ந்து ஒரு வார்த்தை பேசாதவர். அதுகூடப் பரவாயில்லை, எல்லா மலரிலும் எல்லோரும் அப்படித்தான். மலரின் அடுத்த பந்தியில், "மாணவர்களின் உள்ளங்களில் என்றென்றும் ஒளிரும் நல்லாசானாகவும், பாடசாலையின் வளர்ச்சிக்குத் தன்னை அர்ப்பணித்த அதிபராகவும்" திகழ்ந்திருந்தார். வேறு யாருக்கோ எழுதியதில் பெயரை மாற்றியவர்கள் இந்த வரிகளை மாற்ற மறந்துவிட்டார்கள். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்ட இழுவைப் படகுக்காரர் செத்த பிறகு அதிபர் ஆகிவிட்டார்.

எனக்குக் கோபம் வந்தது அச்சகத்தின்மேல் அல்ல. அந்தப் பந்தலில் இருந்த ஒருவருக்கும் இது தெரியவில்லை என்பதுதான் என்னைப் போட்டு வதைத்தது. புத்தகத்தைப் புரட்டினார்கள், படத்தைப் பார்த்தார்கள், "வடிவாய் அடிச்சிருக்கினம்" என்றார்கள், வெக்கைக்கு விசிறினார்கள். சித்தப்பாவோடு ஒரே படகில் நின்றவர் ஒருவர் பக்கத்தில் இருந்தார். அந்த வரியை விரலால் காட்டினேன். வாசித்துவிட்டு, "ஓம், நல்லாய்த்தான் எழுதியிருக்கு" என்று சொல்லிவிட்டுப் பாயாசத்தைக் கேட்டார். ஒரு மனிதனை அவனுடைய சொந்தச் சாப்பாட்டுப் பந்தியிலேயே மாற்றிவைத்தாலும் கண்டுபிடிக்க ஆள் இல்லை. அந்தக் கிழமையே, தங்கச்சி வேண்டாம் என்று விட்டதை அப்படியே என் வலைப்பதிவில் போட்டேன்.

இந்த வலைப்பதிவைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். ஒவ்வொரு சித்திரை வருசத்துக்கும் நான் ஏன் எழுதுகிறேன் என்று அதில் ஒரு பதிவு போடுவது என் பழக்கம். இந்த முறை அதை எழுத உட்கார்ந்தால் எரிச்சல்தான் வருகிறது. வலைப்பதிவு எழுதிய காலம் முடிந்துவிட்டது என்று எல்லோருக்கும் தெரியும், எனக்குத்தான் பிந்தித் தெரிகிறது. என்னோடு தொடங்கியவர்கள் எல்லோரும் முகநூலுக்குப் போய்விட்டார்கள். "இவ்வளவு நீளமாய் ஆர் வாசிக்கிறது, வீடியோவாய்ப் போடுங்கோ" என்று அலுவலகத்தில் சொல்கிறார்கள். பதிவைப் போட்டு நான் தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் "அருமை" என்று ஒருவர் எழுதிவிடுகிறார், முதல் பந்தியைக்கூட அவர் தாண்டியிருக்க நியாயமில்லை. உறவினர்களில் எழுதப்பட்டவர்களுக்குக் கோபம், எழுதப்படாதவர்களுக்கும் கோபம். "உங்களுக்கு இதாலை என்ன பிரயோசனம்?" என்று என் மனைவி கேட்பார். குத்திக் கேட்பதில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறார். அதனால்தான் பதில் சொல்ல முடிவதில்லை.

ஆனால் சித்தப்பாவின் பதிவுக்குப் பிறகு என்னிடம் ஒரு பதில் இருந்தது. அச்சகத்தில் ஒரே வரலாறு எல்லோருக்கும் போதுமாக இருக்கும் ஊரில், ஒரு ஆளையாவது அவர் இருந்தபடி எழுதிவைக்க ஒரு இடம் வேண்டும். அதற்குத்தான் எழுதுகிறேன். இந்தப் பதிலில் எனக்குப் பெருமையும் இருந்தது, மறைக்கவில்லை. நான் எழுதியவற்றில் சனம் தேடி வாசித்ததும் அந்த ஒன்றைத்தான். வெளிநாடுகளில் இருக்கும் எங்களூரார் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டார்கள். அது சுற்றிச் சுற்றித் தங்கச்சியின் புருசன் வீட்டாரிடமும் போய்ச் சேர்ந்தது. "அப்பாவைக் கோமாளியாக்கிப் போட்டியள் அண்ணா, தயவுசெய்து அழியுங்கோ" என்று அழைத்துச் சொன்னாள். நான் அழிக்கவில்லை. அவள் விடவும் இல்லை. கடைசியில், "அம்மாவுக்கு இது தெரியாது. தெரிஞ்சால் தாங்கமாட்டா" என்றாள்.

இந்த வருசம், சித்தப்பா செத்து ஒரு வருசமான ஆட்டைத் திவசத்துக்குத் தங்கச்சி வந்தாள். திவசம் முடிந்ததும் சாவுத் துடக்கும் முடிந்தது, வருசம் கொண்டாடலாம் என்றானது. வருசத்தன்று பலகாரத்தோடு நானும் மனைவியும் சின்னம்மாவைப் பார்க்கப் போனோம். தங்கச்சி கதவைத் திறந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சின்னம்மா முன் விறாந்தையில் கதிரையில் இருந்தார். கைவிசேசக் காசு தந்துவிட்டு, என்னைப் பக்கத்தில் இருக்கச் சொன்னார்.

"தம்பி, நீ இவரைப் பற்றி எழுதினதை ஒருக்கா வாசி. எனக்குப் போனிலை எழுத்துத் தெரியாது."

தங்கச்சி பதறிப்போனாள். "அம்மா, உங்களுக்கு ஆர் சொன்னது?"

"நீதான். கனடாவிலை இருந்து கோல் எடுத்து நீ அண்ணாவோடை பட்ட சண்டையை அடுத்த நாள் எனக்கெல்லோ சொல்லி அழுதனீ. அழுகையிலை மறந்துபோனாய்." பிறகு என்னிடம், "வாசி" என்றார்.

வாசித்தேன். இரண்டாம் பந்தியிலேயே சிரிக்கத் தொடங்கினார். சங்கு ஊதிய இடத்தில் வாயைப் பொத்திக்கொண்டார். என் மனதுக்குள் ஒரு பெருமிதம் ஏறிக்கொண்டிருந்தது. பார், யாருக்காகப் பயந்தாயோ அவரே சிரிக்கிறார் என்று தங்கச்சியைத் திரும்பிப் பார்க்கவும் செய்தேன். வருசப்பிறப்புப் பகுதி வந்தபோது சின்னம்மா சிரிக்கவில்லை. நான் வாசித்து முடித்ததும் சொன்னார்:

"அவர் உப்பிடித்தான். நீ பொய் எழுதேல்லை. ஆனா அந்த வருசக் கதை அப்பிடி இல்லை."

"ஏன் சின்னம்மா?"

"எனக்கு வாக்கியமும் தெரியாது, திருக்கணிதமும் தெரியாது, தம்பி. அவர் முந்தினதை எடுத்தார், அதாலை நான் பிந்தினதை எடுத்தனான். அவர் முழுகிப்போட்டு வெளிக்கிட்டிட்டால் வீடு சத்தமில்லாமல் கிடக்கும். கூப்பிட ஆள் இல்லை, ஏன் எண்டு கேக்க ஆள் இல்லை. நான் ஒரு தேத்தண்ணி போட்டுக் கதிரையிலை இருந்து ஆறுதலாய்க் குடிப்பன். வருசத்திலை அந்தக் கொஞ்ச நேரந்தான் நான் என்ரை பாட்டிலை இருந்தனான். வேலிக்கு மேலாலை அவர் கத்தேக்கை நீங்கள் எல்லாரும் சிரிச்சனீங்கள்."

நானும் சிரித்தவன்தான். எத்தனையோ வருசங்களாக அந்த வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்ததை, உள்ளே இருந்தவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எழுதி, அதற்கு உண்மை என்று பெயரும் வைத்திருந்தேன். அச்சகம் ஒரு படகுக்காரரை அதிபராக்கியது. நான் ஒரு பெண்ணின் களைப்பைப் பிடிவாதமாக்கி ஊரைச் சிரிக்கவைத்தேன். அச்சகத்துக்காவது சித்தப்பாவைத் தெரியாது. எனக்கு வந்த எரிச்சலை யார்மேல் காட்டுவது என்று தெரியவில்லை. போனை அணைத்து மேசையில் வைத்தேன்.

"இப்ப முழு நாளும் என்ரை பாட்டிலைதான் இருக்கிறன்" என்றார் சின்னம்மா. "அதுவும் ஒரு மாதிரித்தான் கிடக்கு."

அழித்துவிடட்டுமா என்று கேட்டேன். தங்கச்சி நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏன் அழிக்கிறாய்? அவர் அப்பிடித்தானே. நான் சொன்னதையும் சேர்த்து எழுதிவிடு."

"அம்மா!" என்றாள் தங்கச்சி. பிறகு எழுந்து குசினிக்குப் போய்விட்டாள், உதவிக்கு என்று என் மனைவியும் பின்னால் போனார். பாத்திரங்கள் தேவைக்கு மேல் சத்தம் போட்டன. அவளையும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தன் பிள்ளைகளுக்குக் கோட்டுப் போட்ட ஒரு தாத்தாவைக் கொடுக்கத்தான் அவள் ஆசைப்பட்டாள். அவளிடமும் என்னிடமும் இருந்தது பாதி மனிதர்தான், அவளுடையது நல்ல உடுப்போடு இருந்தது.

அவர்கள் உள்ளே நின்ற நேரத்தில் சின்னம்மா கதிரையை என் பக்கம் இழுத்துப்போட்டு இன்னொரு விசயம் சொன்னார். அது அவருக்கும் சித்தப்பாவுக்கும் நடுவில் நடந்தது. எங்கள் வீட்டில் ஒருவரும் அறியாதது. குரலை உயர்த்தாமல், கடைக்குப் போய்வந்ததைச் சொல்வதுபோலச் சொல்லிமுடித்தார். "இதை எழுதலாமோ சின்னம்மா?" என்று கேட்டுவிட்டேன். கேட்டபிறகுதான் வெட்கமாக இருந்தது.

"எழுது. எழுதத்தானே சொல்லுறன். ஆனா இப்ப இல்லை. நான் போனாப்பிறகு எழுது."

தங்கச்சி கனடாவுக்குத் திரும்பும்போது என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. வருசக் கதையில் சின்னம்மா சேர்க்கச் சொன்னதைச் சேர்த்துவிட்டேன். அதை இதுவரை சிலரே வாசித்திருக்கிறார்கள், சிரிப்புக் கதை என்றால் அனுப்பிக்கொள்ளும் கூட்டம் இதை ஒருவருக்கும் அனுப்பவில்லை. ஏன் எழுதுகிறேன் என்ற பதிவோ இன்னும் அரைகுறையாகக் கிடக்கிறது. நான் சொல்லிக்கொண்டு திரிந்த பதில் பிழையாகிவிட்டது, புதிதாக ஒன்று கிடைக்கவும் இல்லை. எழுதவேண்டிய ஒன்று கையில் இருக்கிறது, அதை எழுதமுடியாது. நான் எழுதியவை எல்லாவற்றையும்விட நன்றாக வரக்கூடியது அதுதான் என்று எனக்குத் தெரியும். குளிக்கும்போதும் பேருந்தில் போகும்போதும் அதன் வரிகள் தாமாகவே சேருகின்றன, அது எனக்கே அருவருப்பாக இருக்கிறது. ஒருநாள் அது என் வலைப்பதிவில் வந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று சின்னம்மாவுக்கும் எனக்கும் தெரியும். அது வரவே கூடாது என்று வேண்டிக்கொள்கிற ஒரே பதிவும் அதுதான்.

இப்போது முன்னைவிட அடிக்கடி சின்னம்மாவுக்கு அழைப்பு எடுக்கிறேன். நேற்றும் எடுத்து, சுகமாக இருக்கிறீங்களோ என்று கேட்டேன்.

"ஓம், இருக்கிறன்" என்றார். கொஞ்சம் இருமினார். பிறகு சிரித்துக்கொண்டே, "நீ இப்ப எழுத ஏலாது" என்றார்.