நர்சம்மா அடித்த ஒரே அடி

நர்சம்மா போய்விட்டார். இப்போதுதான் தங்கச்சி போன் பண்ணினாள்...

எழுபதுகளில் வில்லியனூர் பக்கம், எங்கள் ஊர் டிஸ்பென்சரியில் இருந்த பிரெஞ்சுக்கார நர்ஸ். பெயர் ராஷேல். ஊர் வாயில் அது நுழையவில்லை.

ஊசிக்கு அழுகிற பிள்ளையைக்கூட அதட்ட மாட்டார். என்னை மட்டும் அடித்தார். மாதா தேர் அன்று, அத்தனை கூட்டத்தில், புறங்கையில் சுளீரென்று. நான் இடது கையால் சிலுவை போட்டேனாம். எனக்கு எட்டு வயது. பிறவியிலேயே இடது கைப் பழக்கம்.

அம்மாவிடம் சொன்னால், "பீச்சாங்கையால சிலுவ போட்டா அடிக்காம கொஞ்சுவாங்களாடி?"

அதற்குப் பிறகு அவரை எங்கே பார்த்தாலும் வேண்டுமென்றே இடது கையால் சிலுவை போட்டேன். ஒரு வருஷம்! அவர் முகம் வெளுத்துப்போகும். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

எண்பதுகளில் நர்சிங் சேர அவரிடம்தான் நன்னடத்தை சர்டிஃபிகேட் வாங்கப் போனேன். எனக்கு நன்னடத்தை... கோபம் தீராமல் கேட்டேன்: "நீங்க ஒரு நாளும் சிலுவ போட்டதில்ல. என்ன மட்டும் இன்னாத்துக்கு அடிச்சீங்க?"

ஊசி கொதிக்கிற ஸ்டவ்வை அணைத்துவிட்டு உட்கார்ந்தார். "நாங்க யூதருங்க" என்றார்.

பாரிஸில் அவருடைய அப்பாவுக்குத் தையல் கடை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஓய்வுநாள் தொடங்குமாம், மெஷினை மூடிவிடுவார். அம்மா மெழுகுவர்த்தி ஏற்றுவதற்குள் தம்பி ரொட்டி நுனியைப் பிய்த்திருப்பான்.

பிறகு ஹிட்லரின் ஆட்கள் வந்தார்கள். யூதர்கள் சட்டையில் மஞ்சள் நட்சத்திரம் தைக்க வேண்டும் என்றார்கள். அதையும் அப்பாவே தைத்தார்.

பிள்ளைகள் இருவரையும் அம்மா ஒரு கிராமத்துக் கான்வென்டில் பொய்ப் பெயரில் ஒளித்துவைத்தார். அடுத்த மாதமே அப்பாவையும் அம்மாவையும் பிடித்துப்போய்விட்டார்கள்.

"தம்பிக்கு சிலுவ போட நாந்தான் கத்துக்குடுத்தேன். எதிர்ல நின்னு காட்டனேன். என்னப் பாத்து அப்படியே இடது கையால போடுவான். அப்புறமா திருத்திக்கலாம்னு வுட்டுட்டேன்டி."

ஒளிந்திருக்கும் யூதப் பிள்ளைகளைத் தேடிச் சோதனைக்கு வந்தவன், கான்வென்டுப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, சிலுவை போடச் சொல்லியிருக்கிறான்.

"அவனுக்கு ஆறு வயசு. இழுத்துனு போறப்போ என்னையே பாத்தான். நான் யாரோ மாதிரி நின்னேன்."

அப்பா, அம்மா, தம்பி. முகாமுக்குப் போன மூவரில் ஒருவரும் திரும்பவில்லை.

நான் அந்த இடத்திலேயே மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். சர்டிஃபிகேட்டை வாங்கிக்கொண்டு பஸ் பிடிக்க ஓடினேன். அடுத்த லீவில் போகலாம், அடுத்த லீவில் போகலாம் என்றே நாற்பது வருஷம்... வெட்கங்கெட்டவள்.

ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் ஒருவர் போட்டிருக்கிறார்: "பாவம், சொந்தபந்தம்னு யாருமே இல்லாத அம்மா."

இருந்தார்கள் சார். கொன்றுபோட்டார்கள்.

போய் வாருங்கள் நர்சம்மா. என்னை மன்னிக்க வேண்டாம்.