எதிர்ப்பக்கம் பிடித்தது யார்?

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் விடுங்கள். இதில் ஒரு வரிகூட நான் கட்டிவிட்டதில்லை. நடந்தது என் தங்கைக்கு. நேரங்களைக்கூட அவள் துணியில் கோடு போடும் சாக்பீஸால் சுவரில் குறித்திருக்கிறாள். இன்னும் அழிக்கவில்லை. அழிக்கப் பயம்.

வீட்டிலேயே பஞ்சு வைத்த போர்வை தைப்பவள் அவள். ஒரு விடுதியிலிருந்து பெரிய போர்வைகளுக்கு ஆர்டர் வந்ததும்தான் வினை ஆரம்பித்தது. ஒவ்வொன்றும் இரட்டைக் கட்டிலை மூடித் தரையைத் தொட வேண்டும். அவளுடைய பழைய மெஷினில் முதல் போர்வை திணறியது. மேஜைக்கு வெளியே தொங்கிய கனம் துணியை இழுக்க, தையல் பாம்பு மாதிரி நெளிந்தது. விடுதிக்காரி கறாராகச் சொல்லிவிட்டாள்: “அடுத்ததும் இப்படி வந்தா வேற ஆளைப் பாத்துக்கறோம்.” அது நடந்தால் தங்கை மறுபடி தையல் ஃபேக்டரிக்குப் போக வேண்டியதுதான்.

கணவனை இழுத்துக்கொண்டு கடை கடையாக ஏறினாள். ஒரு கடைக்காரர் பளபளவென்று ஒன்றைக் காட்டினார்.

“இருநூறு டிசைன் போடும்மா.”

“டிசைன் கிடக்கட்டும். ஊசிக்கு வலதுபக்கம் இத்தனூண்டு சந்து. இதுல என் போர்வை எப்படி நுழையும்?”

“போர்வையைச் சின்னதா தைச்சுடேன்” என்றான் கணவன்.

“படுக்கிற ஆளையும் சின்னதா வரச் சொல்லுங்க!”

சந்து பெரிதாக இருந்த மெஷின்களின் விலையோ தலையைச் சுற்றவைத்தது. கடைசியில் ஒரு வீட்டில், பழைய மெஷின் ஒன்று விலைக்கு வந்தது. சுருட்டிய போர்வை தாராளமாக நுழையும் அளவுக்கு ஊசிக்கு வலதுபக்கம் பெரிய சந்து. விலை பாதிக்கும் குறைவு. விற்ற அம்மா ஒல்லியாக, வாசலைப் பார்த்தபடியே பேசினாள்.

“ஒரு வாரம் தைச்சுப் பாருங்க. பிடிக்கலைன்னா திருப்பிக் குடுங்க. அந்த நாற்காலியையும் எடுத்துட்டுப் போங்க. மெஷினுக்கு எதிர்லயே இருந்து பழகிடுச்சு.”

“நாற்காலிகூடவா பழகும்?” தங்கை சிரித்தாள்.

அந்த அம்மா சிரிக்கவில்லை.

நாற்காலியை மேஜைக்கு எதிர்ப்பக்கம் போட்டாள் தங்கை. தொங்கும் போர்வைக்கு முட்டுக்கொடுக்க ஆகும் என்று கணக்கு.

முதல் நாள். மதியம். கணவன் வேலைக்குப் போயிருந்தான். பன்னிரண்டு மணியிலிருந்து போர்வையோடு மல்லுக்கட்டு. தோள் கழன்றது. நாற்காலியில் போட்டாலும் அது வழுக்கி வழுக்கி இறங்கியது. திடீரென்று... கனம் போய்விட்டது. துணி வெண்ணெய் மாதிரி நகர்ந்தது. தையல் நூல் பிடித்தாற்போல் நேராக ஓடியது. மணி 2.30.

‘பரவாயில்லையே, நல்ல மெஷின்தான்’ என்று நினைத்துக்கொண்டாள்.

தொப்!

போர்வை மொத்தமும் தரையில் சரிந்தது. மணி 3.10.

இரண்டாம் நாள். சரியாக 2.30க்குக் கனம் குறைந்தது. 3.10க்குத் தொப். சுவரில் குறித்தாள்.

மூன்றாம் நாள் 2.30. கனம் குறைந்தது. கூடவே ஒரு சத்தம்.

க்ரீச்...

நாற்காலியில் ஆள் உட்காரும் சத்தம்.

அவள் தைத்துக்கொண்டே இருந்தாள். நிமிரவில்லை. 2.41க்குத்தான் துணிவு வந்தது. மிதியிலிருந்து காலை எடுத்தாள். மெஷின் நின்றது. மெல்லத் தலையைத் தூக்கினாள்.

நாற்காலி காலி.

போர்வை அதற்கு மேலே, ஒரு சாண் உயரத்தில், அப்படியே நின்றது.

ஓரத்தில் இரண்டு இடத்தில் துணி சுருங்கியிருந்தது. இரண்டு கைகள் இறுக்கிப் பிடித்தாற்போல...

போர்வை லேசாக அசைந்தது. ஒரு சின்ன இழுப்பு.

‘ம்... தை’ என்பதுபோல.

தைத்தாள்.

3.10.

தொப்.

அன்றிரவு கணவன் சொன்னான்: “சனியனைத் திருப்பிக் குடுத்துடு.”

“ஆர்டர்?”

அவன் விரித்திருந்த போர்வையைப் பார்த்தான். அந்த நாற்பது நிமிஷத் தையல்களில் ஒன்றுகூடக் கோணவில்லை.

ஏழாம் நாள் தங்கை அந்த வீட்டுக்குப் போனாள். விற்ற அம்மா அவள் முகத்தைப் பார்த்ததுமே கதவைச் சாத்தி உட்காரவைத்தாள்.

“வந்தாளா?”

“யாரு?”

“எங்க அக்கா. நான் தைப்பேன், அவ எதிர்ல உக்காந்து பிடிச்சுப்பா. நான் ஊசியை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டேன். அன்னிக்கு மூணு பத்துக்குப் போர்வை முடிஞ்சுது. ‘போதும்க்கா, விடு’ன்னேன். விட்டா. நிமிர்ந்து பாத்தா... தலை சாஞ்சு கிடக்கா.”

“அந்த நிமிஷமா உயிர் போச்சு?”

“இல்லம்மா. டாக்டர் வந்து பாத்துட்டு, ரெண்டரை வாக்குலயே போயிடுச்சுன்னாரு.” அந்த அம்மா தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டாள். “அதுக்கப்புறம் நான் நாப்பது நிமிஷம் தைச்சிருக்கேன். போர்வை ஒரு தடவைகூடச் சரியலை.”

தங்கை மெஷினைத் திருப்பிக் கொடுக்கவில்லை. விடுதிக்காரி இன்னும் பத்துப் போர்வை கேட்டிருக்கிறாள். தினமும் 3.10க்கு, நிமிராமல், தங்கை சொல்கிறாள்:

“போதும்க்கா... விடு.”