டீச்சரை எழுப்பி வாசிக்கச் சொன்னேன்

எழுத்துகள் இடம் மாறித் தெரியும் குழந்தைகளுக்கு எப்படிக் கற்றுக்கொடுப்பது என்று ஆசிரியர்களுக்குப் பயிற்சி தர இன்று கொல்லிமலை போயிருந்தேன்.

முதல் வரிசையில் என் மூன்றாம் வகுப்பு டீச்சர். வாசிக்கத் திணறியதற்காக வருடம் முழுக்க என்னை வகுப்புக்கு வெளியே நிறுத்தியவர். அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை.

எழுத்துகளை வேண்டுமென்றே கலைத்து அச்சடித்த தாளைக் கொடுத்து, அவரையே முதலில் எழுப்பினேன்.

"சத்தமா வாசிங்க டீச்சர்."

இரண்டாவது வரியிலேயே திக்கினார். பின்னால் சிரித்தார்கள். நான் அதட்டவில்லை.

"எழுத்தெல்லாம் எடம் மாறிக் கெடக்குதுங்க மேடம். எப்படிங்க வாசிக்கிறது?"

"எனக்கு இப்பவும் அப்படித்தாங்க தெரியுது. மூணாங்கிளாஸ்ல உங்ககிட்டச் சொன்னேன். நடிக்கிறேன்னு அடிச்சீங்க."

டீச்சர் என் முகத்தையே பார்த்தார். "செல்வியா கண்ணு?" என்றார்.

"ஆமாங்க. இன்னும் ஒரு பத்தி இருக்குது. வாசிங்க."

முழுத் தாளையும் வாசித்த பிறகுதான் உட்காரச் சொன்னேன். பயிற்சிக் கையேட்டில் இரண்டு வரி போதும் என்றுதான் இருக்கிறது.

வயதானவர், பாவம் என்று கமெண்டில் எழுத நினைப்பவர்கள் தாராளமாக எழுதலாம். நீளமாக மட்டும் எழுதாதீர்கள், வாசிக்க எனக்கு நேரமாகும்.